முதலில் வெள்ளி, அப்புறம் தங்கம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவுக்கும் பக்கத்து இரண்டு மூன்று தெருக்களுக்கும் பத்திரிகை டிசைன் செய்து தருவது நான்தான். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு சின்ன பிரிண்டரும் இருக்கின்றன. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடிக் கூழ், கடை திறப்பு என்று தமிழிலும் கன்னடத்திலும் வேலை வரும். அச்சு வேண்டும் என்றால் சுல்தான்பேட்டைக்குக் கொண்டுபோவேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்பவர்களுக்குப் படமாகவே கொடுத்துவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்தெரு அத்தை ஒருவர் வந்தார். வீட்டுக்காரருக்கு அறுபது முடிகிறது, மணிவிழா வைக்கிறோம் என்றார். அரக்குப் பின்னணி, மேலே பிள்ளையார், அதற்குக் கீழே 'மணிவிழா அழைப்பிதழ்' என்று தங்க எழுத்து. "தகதகன்னு இருக்கணும் கண்ணு" என்றது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

நான் அதுவரை எல்லாருக்கும் செய்ததையே செய்தேன். திரையில் நிறத்தை 0 முதல் 255 வரை மூன்று எண்ணால் சொல்வார்கள்: சிவப்பு 255, பச்சை 215, நீலம் 0. கம்ப்யூட்டரில் 'கோல்டு' என்று பெயர் வைத்திருக்கும் நிறம் அதுதான். போட்டோஷாப்பில் பெவல் எம்பாஸைத் தட்டினேன், எழுத்து புடைத்துக்கொண்டு நின்றது. கீழே கொஞ்சம் நிழல். பத்து நிமிஷத்தில் முடித்து அவருக்குக் காட்டினேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் கையை நீட்டி, தன் வளையலைத் திரையில் என் எழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். "மஞ்சள் பூசின மாதிரி இருக்கே கண்ணு. இது பொன்னு, அது பெயின்ட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வளையல் அங்கே இருந்த அரை நிமிஷத்தில் நான் பார்த்ததை, அதற்கு முன் எட்டு வருஷ வேலையில் பார்க்கவே இல்லை. வளையலில் மஞ்சளே கொஞ்சம்தான் இருந்தது. ஒரு இடம் கிட்டத்தட்ட கருப்பு, கருஞ்சிவப்பு கலந்த கருப்பு. அதை ஒட்டியே, நடுவில் எந்தப் படியும் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் வெள்ளைக் கீற்றாக. இன்னொரு பக்கம் என் சிவப்புச் சேலையின் சாயல். மஞ்சள் என்று நாம் சொல்லும் நிறம் இவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய பட்டையாகத்தான் இருந்தது. அத்தை கையை அசைத்ததும் எல்லாமே நகர்ந்து இடம் மாறின.

"ரெண்டு நாள் கொடுங்க அத்தை" என்றேன்.

அந்த இரண்டு நாளில் கண்டதையும் முயன்றேன். ஒரே மஞ்சளுக்குப் பதில், மஞ்சள், பழுப்பு, மறுபடி மஞ்சள் என்று மெதுவாக மாறும் கிரேடியன்ட் போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் தங்கம் மாதிரி இல்லாமல் வார்னிஷ் அடித்த மரம் மாதிரி வந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் பிளாஸ்டிக் வளையல் போலப் பளபளத்தது. ஏன் பிளாஸ்டிக் ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

மூன்றாம் நாள் வேறு வேலையாகச் சுல்தான்பேட்டைக்குப் போனேன். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தால் வரிசையாகக் கல்யாணப் பத்திரிகைக் கடைகள். அதற்குப் பின்னால் ஒரு சந்தில் ஃபாயில், அதாவது சூடாக அழுத்தி அட்டையில் ஒட்டும் மின்னும் மெல்லிய தாள், அச்சடிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தர்மபுரிப் பக்கத்துக்காரர். மெஷினில் தங்கச் சுருள் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, இதில் எவ்வளவு தங்கம் இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு துண்டைக் கிழித்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வெள்ளியாக இருந்தது. "தங்கம் எங்கம்மா இருக்குது? பிலிம் மேல அலுமினியம் படிய வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி வார்னிஷ் மாதிரி மஞ்சள் லாக்கர் ஒரு கோட்டு. வெள்ளி ஃபாயிலும் இதேதான், அந்த மஞ்சள் மட்டும் இருக்காது. சரிகை எப்படி? பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி, வெள்ளி மேல தங்க முலாம். அதே கணக்குதான்."

மெட்ரோவில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மின்னுவது வெள்ளி, நிறம் அதன் மேல் ஒரு மெல்லிய போர்வை. நான் இரண்டையும் ஒரே அடியில் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளியையும் நிறத்தையும் சேர்த்துக் குழைத்தால் வருவது பெயின்ட்தான்.

இதற்குள் இருக்கும் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். துணி, மரம், பிளாஸ்டிக் போன்றவற்றில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்ச் சிதறி, நிறம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அது ஒரு கணக்கு. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் மினுக்கு தனிக் கணக்கு. அந்த மினுக்கு விளக்கின் நிறத்திலேயே, வெள்ளையாகத்தான் இருக்கும். உலோகத்தில் முதல் கணக்கே கிடையாது. வரும் வெளிச்சம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. வெள்ளி கிட்டத்தட்ட எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புகிறது. தங்கம் நீலத்தை விழுங்கிக்கொள்கிறது, மிச்சம் மஞ்சளாகத் தெரிகிறது. ஆக, தங்கத்தின் மினுக்கே தங்க நிறம்தான். மஞ்சள் எழுத்தின் மேல் வெள்ளை மினுக்கு வைத்தால் கண் அதைப் பிளாஸ்டிக் என்று படிப்பது இதனால்தான். பெவலில் மென்பொருள் தானாகவே வைத்திருக்கும் மினுக்கு நிறம் வெள்ளை, நிழல் நிறம் கருப்பு. அவற்றின் மேலும் தங்க நிறம் ஏறாதவரை தங்கம் வராது.

இன்றைக்கும் நான் செய்யும் முறை அன்று ராத்திரி செய்ததுதான். எழுத்தை நடுத்தர சாம்பல் நிறத்தில் அடிக்கிறேன், மூன்று எண்ணும் 128. நிறமே வேண்டாம். அதற்கு பெவல் எம்பாஸ்: 'இன்னர் பெவல்', அதில் 'சிசல் ஹார்டு'. உளியால் வெட்டிய மாதிரி நடுவில் ஒரு முகடு வரும். இங்கே அளவுதான் உயிர். எழுத்தின் கோடு 44 பிக்சல் தடிமன் என்றால் பெவல் அளவு 22 இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கச் சரிவும் நடுவில் சந்திக்கும். குறைத்தால் மேலே தட்டையான மேடை தெரியும், கடைப் பலகைக்கு அது நன்றாக இருக்கும். ஆழம் 150 முதல் 250 சதவீதத்துக்குள் வைத்துப் பார்த்து நிறுத்துகிறேன்.

அடுத்து 'கிளாஸ் காண்டூர்' (Gloss Contour) என்று ஒரு சின்னச் சதுரம் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதில் 'ரிங்' என்ற வளைவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதுவரை மெதுவாக வெளுப்பிலிருந்து கறுப்புக்கு இறங்கிய சரிவு, வெளுப்பு, கறுப்பு, மறுபடி வெளுப்பு என்று பட்டை பட்டையாகப் பிரியும். வளையலில் நான் பார்த்தது இதுதான். பக்கத்திலேயே இருக்கும் 'ஆன்டி அலியாஸ்' பெட்டியில் டிக் போடாவிட்டால் ஓரங்கள் பல் பல்லாக நிற்கும்.

இந்த நிலையில் எழுத்து பழைய வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருக்கும். நிறம் சேர்க்க அவசரப்படாதீர்கள். வெள்ளியாகப் பார்க்கும்போதே கண்ணுக்கு உலோகமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே எத்தனை முலாம் பூசினாலும் பயன் இல்லை.

அடுத்த படியில் நான் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். நிறம் கொடுக்க 'கிரேடியன்ட் மேப்' என்ற லேயரை, அதாவது மேலே வைக்கும் ஓர் அடுக்கை, எழுத்தின் மேல் மட்டும் விழும்படி கிளிப் செய்தேன். எழுத்தின் சாம்பல் மட்டும் மாறியது, பெவலின் வெளுப்பும் கறுப்பும் அப்படியே இருந்தன. பெவல் மாதிரியான லேயர் ஸ்டைல் எல்லாம் கிளிப் செய்த லேயருக்கும் மேலே உட்கார்ந்துகொள்வதால் வரும் தொல்லை இது. எழுத்து லேயரை முதலில் 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' ஆக்கிவிட்டால் பெவலும் எழுத்தும் ஒரே படமாகிவிடும், மேலே போடுவது எல்லாவற்றின் மீதும் விழும். பெயரில் பிழை இருந்தால் இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போய்த் திருத்தவும் முடியும். பத்திரிகை வேலையில் கடைசி நிமிஷம் வரை இனிஷியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

கிரேடியன்ட் மேப், படத்தின் இருட்டு எல்லாவற்றுக்கும் ஒரு நிறம், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் என்று மாற்றித் தரும். நான் வைத்திருக்கும் ஐந்து நிறங்களைச் சொல்கிறேன், சிவப்பு, பச்சை, நீலம் வரிசையில். ஆரம்பத்தில் 38, 18, 4. முப்பது சதவீதத்தில் 110, 62, 14. ஐம்பத்தைந்தில் 201, 146, 48. எண்பதில் 245, 214, 128. கடைசியில் 255, 248, 220. முழுக் கருப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. இருட்டுப் பக்கம் செம்பு நிறத்துக்குச் சாய்வதைக் கவனியுங்கள். வளையலின் இடுக்குகளில் வெளிச்சம் தங்கத்தில் பட்டு மறுபடி தங்கத்தில் படுகிறது. ஒவ்வொரு தடவையும் நீலம் இன்னும் குறைகிறது, பச்சையும் கொஞ்சம் குறைகிறது, சிவப்பு தங்கிவிடுகிறது. நகரத்பேட்டை நகைக்கடை ஜன்னல்களில் நின்று பார்த்தால் ஆரத்தின் உள்மடிப்புகளில் இது தெளிவாகத் தெரியும். சாம்பல் நிழல் விழுந்த தங்கம் எந்தக் கடையிலும் இல்லை.

அன்று ராத்திரி அந்தக் கடைசி நிறத்தை வைத்ததும் திரையில் எழுத்து மாறியதைப் பார்த்து, தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன்.

வெள்ளி வேண்டும் என்றால் அதே லேயரில் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். 24, 28, 34, நடுவில் 125, 132, 142, மேலே 240, 245, 250. துளி நீலம் இருந்தால்தான் வெள்ளி குளிர்ச்சியாக இருக்கும், இல்லையென்றால் அலுமினியச் சட்டி. ஆனால் தங்கத்தைவிட வெள்ளி கடினம் என்பது என் அனுபவம். தங்கத்தில் நிறம் பாதிக் குறையை மறைத்துவிடும். வெள்ளிக்கு இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள சண்டை மட்டும்தான் துணை. அதனால் வெள்ளிக்கு மட்டும் நடுவில் ஒரு 'கர்வ்ஸ்' லேயர் போட்டு, கோட்டை அலை மாதிரி மேலே, கீழே, மறுபடி மேலே வளைக்கிறேன். நேர் கோடாக இருந்த சாம்பல் திடீரென்று குரோமியம் மாதிரி உடையும். அதிகம் வளைத்தால் பைக் சைலன்சர் ஆகிவிடும், மெதுவாகச் செய்ய வேண்டும்.

இன்னொன்று, நானாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. உலோகம் சுற்றியுள்ளதைத்தானே காட்டுகிறது? அப்படியானால் காட்டுவதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அல்சூர் ஏரியில் சாயங்காலம் போனில் எடுத்த ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். மேலே வெளிர் வானம், நடுவில் மரங்களின் கறுப்புக் கோடு, கீழே தண்ணீர். அதை நன்றாக 'பிளர்' செய்து, நிறத்தை எடுத்துவிட்டு, ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்கும் கிரேடியன்ட் மேப்புக்கும் நடுவில் கிளிப் செய்து, 'சாஃப்ட் லைட்' என்ற கலப்பு முறையில் முப்பது சதவீதம் வைக்கிறேன். கொஞ்சம் சாய்த்தும் விடுகிறேன். அப்போது மரக்கோடு 'ம'வில் ஒரு உயரத்திலும் 'ழ'வில் இன்னொரு உயரத்திலும் விழும். எல்லா எழுத்திலும் ஒரே இடத்தில் ஒரே மினுக்கு இருந்தால் கண் சந்தேகப்படுகிறது. இத்தனை வருஷத்தில் இந்தப் பேட்டையில் எத்தனையோ பத்திரிகைகளின் தங்கத்துக்குள் அந்த ஏரி இருக்கிறது. யாருக்கும் தெரியாது.

தமிழ் எழுத்துக்கென்று சில தனிக் கவலைகள் உண்டு, ஆங்கிலப் பாடங்களில் இவை வராது. மெல்லிய ஃபான்ட்டில் உலோகம் நிற்காது, சரிவுக்கு இடமே இருக்காது. 'பலூ தம்பி' மாதிரி கனமானது, அல்லது 'நோட்டோ செரிஃப் தமிழ்' ஃபான்ட்டின் தடித்த எடை, இவை எனக்குக் கைகொடுக்கின்றன. வெளிப்பக்கமாக ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு, போட்டால் 'ண', 'ழை' ஆகியவற்றின் சுழி ஓட்டைகள் அடைந்துபோகும், அதனால் ஸ்ட்ரோக்கை உள்பக்கமாக மட்டும் வைக்கிறேன். புள்ளி தனிக் கதை. கோட்டைவிடச் சின்ன வட்டம் என்பதால் சிசல் ஹார்டு அதை ஊசி முனைக் கூம்பாக்கிவிடும், சின்ன அளவில் நட்சத்திரம் மாதிரி உடைந்து தெரியும். 'சாஃப்டன்' இரண்டு பிக்சல் கொடுத்தால் குண்டுமணி போல அழகாக உட்காரும். பழைய போட்டோஷாப்பில் 'கொ', 'கை' எல்லாம் கொம்பு இடம் மாறி வந்தால், செட்டிங்ஸில் 'டைப்' பகுதியில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வைப் போட்டு மூடித் திறந்து, புதுக் கோப்பில் அடித்துப் பாருங்கள். காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்கள் பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபியாவில் இந்தப் பெவல், கிரேடியன்ட் மேப் வேலையைக் கிட்டத்தட்ட இதே பெயர்களோடு செய்யலாம். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் வழி வேறு, 'பம்ப் மேப்' மூலம் போக வேண்டும், ஆனால் சாம்பலில் தொடங்கிக் கடைசியில் நிறம் என்ற வரிசை அங்கேயும் அதேதான்.

வெளிச்சத்தின் திசையில் ஒரு தவறு செய்தேன். என் போட்டோஷாப்பில் பெவலின் கோணம் 120 என்று இருந்தது, அதாவது வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து. அத்தை கொடுத்த பிள்ளையார் படத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து. இரண்டும் சேர்ந்து என்னவோ ஒட்டாமல் இருந்தது. சரி, படத்தைப் புரட்டிவிடலாம் என்று இடவலம் மாற்றி அனுப்பினேன். அத்தை உடனே போன் செய்தார். "கண்ணு, தும்பிக்கை வலம்புரி ஆயிடுச்சே! எங்க வீட்ல இருக்கிறது இடம்புரி." நியாயம்தான். சாமி படத்தைப் புரட்டவே கூடாது. கோணத்தை 60 என்று மாற்றினால் எழுத்தின் வெளிச்சம் வலப்பக்கம் போய்விடும், அதற்கு இரண்டு வினாடி போதும்.

எழுத்து அத்தைக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததால் அடுத்த சிக்கல் வந்தது. "இதையே கார்டாவும் அடிச்சிடலாம்" என்றார். நான் போனுக்கென்று 1080 பிக்சல் அகலத்தில்தான் செய்திருந்தேன். அதைப் பெரிதாக்கியதும் முகடெல்லாம் குழம்பிப்போனது. முழுவதையும் ஐந்துக்கு ஏழு அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 1500க்கு 2100 பிக்சலில் மறுபடி செய்தேன். இப்போது எந்த வேலையானாலும் அச்சு அளவில் செய்துவிட்டுத்தான் போனுக்குச் சிறிதாக்குகிறேன்.

சாதாரண நாலு வண்ண அச்சில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்தபோது மனசு விட்டுப்போனது. துவரம் பருப்பு நிறம். அச்சகத்தின் மேல் தவறில்லை. திரை தானே ஒளிவிடுகிறது, காகிதத்துக்கு அந்தச் சக்தி இல்லை. காகிதத்தில் கிடைக்கும் அதிகபட்ச வெளிச்சம் அந்தக் காகிதத்தின் வெள்ளைதான். அதனால் தங்க எழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளை பார்டர் எதுவும் இருக்கக் கூடாது. நான் அழகுக்காக ஒரு வெள்ளை வளைவு வைத்திருந்தேன், அதை எடுத்ததும் அதே மை கொஞ்சம் உயிர் பெற்றது. எழுத்தின் இருட்டு ஓரம் அரக்குப் பின்னணியோடு கலந்து காணாமல் போகாமலிருக்க, ஓரத்தில் ஒரு பிக்சல் வெளிர் கோடு விட்டேன். அதோடு இரண்டு சதவீதம் 'நாய்ஸ்', அதாவது பொடிப் புள்ளிகள், சேர்த்தால் நிறம் படிக்கட்டு படிக்கட்டாகப் பிரிவதும் நிற்கிறது. போனில் அனுப்பும் படத்துக்கு நாய்ஸ் வேண்டாம். வாட்ஸ்அப் சுருக்கும்போது அது அழுக்காகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது.

இத்தனைக்கும் பிறகு அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். "அத்தை, போனுக்கு இது போதும். கையில் பிடிக்கிற கார்டு மின்னணும்னா ஃபாயில்தான்." ஒத்துக்கொண்டார். ஃபாயிலுக்கு இந்த பெவல், கிரேடியன்ட் எதுவுமே உதவாது. ஃபாயிலை அழுத்தும் அச்சான பிளாக்கைச் செய்ய அவர்களுக்கு வேண்டியது தட்டையான, சுத்தமான கருப்பு எழுத்து மட்டும். கோரல்டிரா என்ற மென்பொருளில் வைத்து எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக ('கர்வ்ஸ்') ஆக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களை 'வெல்டு' செய்து ஒன்றாக்கி, சுழிகளைக் கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுத்தேன். 10 பாயின்ட்டுக்குக் கீழே தமிழை ஃபாயிலில் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன், சுழி அடைத்துவிடும். முகவரியும் நேரமும் சாதாரண மையில்.

அந்தக் கருப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு அத்தைக்கு முகம் மாறிவிட்டது. சுப காரியத்துக்குக் கருப்பா? எவ்வளவு சொல்லியும் மனசு ஆறவில்லை. சரி என்று ஒரு வியாழக்கிழமை அவரையும் மெட்ரோவில் கூட்டிக்கொண்டு சுல்தான்பேட்டை அண்ணன் கடைக்கே போனேன். சூடான பிளாக் இறங்கி அரக்கு அட்டையை அழுத்தி எழும்பியது. 'மணிவிழா அழைப்பிதழ்' அட்டையில் மின்னியது. அத்தை அட்டையை ஒரு தடவைதான் பார்த்தார். அவர் கண் போனது மறுபக்கம் சுற்றிக்கொண்டு வெளியே வந்த பழைய சுருளின் மேல். எழுத்து போன இடமெல்லாம் கண்ணாடி மாதிரி தெளிந்து, சுற்றிலும் தங்கமாக, அதே தலைப்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது.

"இதை என்ன பண்ணுவீங்க தம்பி?"

"குப்பைதாம்மா."

அத்தை ஒரு முழம் வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.